பினாங்கு மாடியிலிருந்து இரட்டை விண்மீனின் வேகத்தை அளப்பது எப்படி?

ஜெலுத்தோங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் மேல்தளத்தில் நின்று எண்ணினால், நல்ல இரவில் முப்பது நட்சத்திரம் தேறும். சுமாரான இரவில் பத்து. கீழே எல்.ஈ.டி. தெருவிளக்குகள், எதிரே கடல், கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் துறைமுகத்தின் வெளிச்சம். மேல்தளச் சாவியைக் கொடுக்கும் காவலாளி முதல் சொந்தத் தம்பி வரை எல்லாரும் கேட்டாயிற்று: “இங்க நின்னுக்கிட்டு என்னத்தப் பார்க்கிறீங்க?”

நெபுலா படம் எடுக்க ஆசைப்பட்டால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பத்து நட்சத்திரத்தில் ஒன்று, உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிவருவது. அதில் ஒன்று இன்றிரவு நம்மை நோக்கி நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, இன்னொன்று விலகிப் போகிறது, இரண்டு நாள் கழித்து இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. இதை ஜார்ஜ் டவுன் வெளிச்சத்துக்கு நடுவிலிருந்தே அளக்க முடியும். பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாக விரிக்கும்போது நகர வெளிச்சம் பெரிய தொந்தரவு செய்யாது. தைப்பூசப் பௌர்ணமி நிலவும் செய்யாது. தொந்தரவு செய்வது நம் ஊர் ஈரக்காற்றுதான். அதே ஈரக்காற்று ஒரு பெரிய உபகாரமும் செய்கிறது. அது தெரிய எனக்கு ஒரு சீசன் முழுக்க வீணானது.

எதை அளக்கப் போகிறோம்

நட்சத்திரத்தின் வேகத்தில் நம் பார்வைக்கோட்டின் வழியே இருக்கும் பங்கைத்தான் ஆரத்திசை வேகம் என்கிறோம். விலகிப் போனால் கூட்டல் குறி, நெருங்கி வந்தால் கழித்தல் குறி. நிறமாலையில் உள்ள கருங்கோடுகள், விலகும்போது சிவப்புப் பக்கமும் நெருங்கும்போது நீலப் பக்கமும் நகரும். கணக்கு ஒரே வரி:

வேகம் = ஒளியின் வேகம் × (கோடு நகர்ந்த அளவு ÷ கோட்டின் அசல் அலைநீளம்)

ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792 கி.மீ. சிவப்பு நிறத்தில் 6347 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் அலகு, மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) பக்கத்தில் ஒரு கோடு 0.1 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தால் அது நொடிக்கு 4.7 கி.மீ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கருவியில் ஒரு பிக்சல் என்பது கிட்டத்தட்ட இந்த 0.1 ஆங்ஸ்ட்ராம்தான்.

இந்த வேலையின் பூர்வீகம் நமக்கு அந்நியமில்லை. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே (பட்டப்பகலில் மண்டபக் கூரையைக் காட்டினாலும் நாமும் தலையாட்டுகிறோம்), அந்த அருந்ததிக்குப் பக்கத்தில் பளிச்சென்று நிற்பவர் வசிட்டர். மேலைநாட்டுப் பெயர் மைஸார். 1889-இல் ஹார்வர்ட் வானாய்வகத்தின் எட்வர்ட் பிக்கரிங், மைஸாரின் நிறமாலைத் தகடுகள் சிலவற்றில் ஒரு கால்சியம் கோடு இரண்டாகவும் மற்றவற்றில் ஒன்றாகவும் இருப்பதை அறிவித்தார். தொலைநோக்கியில் பிரித்துப் பார்க்க முடியாத ஜோடி ஒன்று நிறமாலையில் அகப்பட்டது அதுதான் முதல் தடவை. அதே ஆய்வகத்தில் தகடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டோனியா மோரி, சீக்கிரமே இரண்டாவது ஜோடியைக் கண்டுபிடித்தார். அது பீட்டா ஆரிகே. மைஸாரின் சுற்றுக்காலம் 104 நாள் என்று பிக்கரிங் முதலில் கணித்தார்; உண்மையில் அது 20.5 நாள். இடைவெளி விட்டு விட்டுப் பார்த்தால் பெரிய ஆய்வகத்துக்கும் அந்தக் கதிதான்.

எந்த நட்சத்திரத்தில் தொடங்குவது

மோரியின் பீட்டா ஆரிகேதான் என் சிபாரிசு. மைஸார் அழகுதான், ஆனால் அது வசதியான உயரத்துக்கு வரும் ஏப்ரல், மே மாதங்களில் பினாங்கில் மாலைக்கு மாலை இடியும் மழையும். பீட்டா ஆரிகே நம்முடைய வறண்ட மாதங்களான ஜனவரி, பிப்ரவரிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். ஜனவரிக் கடைசியில் இரவு பதினொரு மணிவாக்கில் வடக்கே உச்சத்துக்கு வரும். பினாங்கிலிருந்து அப்போது அதன் உயரம் 50 டிகிரி, கோலாலம்பூரிலிருந்து இரண்டு டிகிரி குறைவு. வடக்கே மஞ்சளாக மின்னும் கபெல்லாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே, கையை நீட்டி முஷ்டி மடக்கினால் வரும் அகலத்துக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது.

இரண்டு நட்சத்திரங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒவ்வொன்றும் சூரியனைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் எடை. வட்டமான பாதை, 3.96 நாள் சுற்றுக்காலம். உச்சத்தில் இரண்டின் கோடுகளுக்கும் இடையே நொடிக்கு சுமார் 220 கி.மீ. வித்தியாசம், அதாவது நாலரை ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். படத்தைத் திறந்ததுமே கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை அதைப் பார்த்தபோது கேமராவை யாரோ இடித்து, கோடு இரட்டையாகப் பதிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு சிக்கல் உண்டு. 3.96 நாள் என்பது கிட்டத்தட்ட நான்கு நாள். தினமும் இரவு பத்து மணிக்குப் பார்த்தால் நாலாவது நாள் அதே கட்டத்துக்கே திரும்பி வருவீர்கள். சுற்றில் நூறில் ஒரு பங்குதான் முன்னேறியிருக்கும். மாதம் முழுக்க உழைத்தாலும் வரைபடத்தில் நான்கு கொத்துகள்தான் விழும், நடுவில் வெறுமை. ஒரே இரவில் எட்டரை மணிக்கு ஒன்று, நள்ளிரவு தாண்டி ஒன்று என்று எடுத்தால் கொத்துகள் கொஞ்சம் நீளும். ஐந்து மணி நேர இடைவெளி சுற்றில் ஐந்து சதவீதம். ஜனவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரை பொறுமையாகப் போனால் இடைவெளிகள் மெல்ல நிரம்பும்.

கருவி

கண்ணாடி ஃபில்டர்போல் கேமரா முன்னால் திருகும் மலிவான கிரேட்டிங் (நெருக்கமான கோடுகள் கீறி ஒளியை நிறமாலையாக விரிக்கும் தகடு) இந்த வேலைக்கு ஆகாது. அதில் ஹைட்ரஜன் கோடுகள் தெரியும், நட்சத்திர வகை தெரியும், வேகம் தெரியாது. பிளவு (ஒளி நுழையும் மெல்லிய கீற்று) வைத்த ஸ்பெக்ட்ரோகிராப், அதாவது நிறமாலையைப் படமெடுக்கும் கருவி, வேண்டும்; அதன் பிரிதிறன் பத்தாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். பிரிதிறன் 15,000 என்றால் நொடிக்கு 20 கி.மீ. வித்தியாசமுள்ள இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரியும் என்று பொருள். தனிக் கோட்டின் நடுப்புள்ளியை அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கண்டுபிடிக்கலாம்.

காசு இருந்தால் ஷெல்யாக் நிறுவனத்தின் லைர்ஸ் 3 வாங்கலாம். மில்லிமீட்டருக்கு 2400 கோடுகள் உள்ள கிரேட்டிங்கோடு சிவப்பில் 17,000 வரை பிரிதிறன் கொடுக்கும். இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டியன் பியூல் வடிவமைத்த ஸ்டார் எக்ஸ். உடலை 3டி பிரிண்டரில் அச்சடித்து, லென்ஸையும் கிரேட்டிங்கையும் வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். திருகு, ஷிம், கறுப்புப் பூச்சு என்று எதைக் கேட்டாலும் அவரிடம் யோசனை இருக்கும். 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி போதும். குளிரூட்டும் வசதியுள்ள கறுப்பு-வெள்ளை கேமரா வாங்குங்கள். இரவிலும் 27 டிகிரி காயும் ஊரில் குளிரூட்டாத சென்சார் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும்.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. துருவ நட்சத்திரம் பினாங்கில் அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரியில் இருக்கிறது, கோலாலம்பூரில் மூன்று. அதாவது எதிர் பிளாட்டின் துணிக்கொடிக்குப் பின்னால். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்க்கும் ஈக்வடோரியல் மவுண்டை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் சிலவற்றில் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும். கவலை வேண்டாம், மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அஸிமத் மவுண்டே போதும். படத்தில் புலம் சுழலும் என்பார்கள். நாம் பிளவில் வைத்திருப்பது ஒரே ஒரு நட்சத்திரம், சுழன்றால் சுழலட்டும். பிளவில் நட்சத்திரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஜன்னல் வழியே பார்ப்பது

இந்த மாதிரிக் கருவி ஒரே நேரத்தில் 150 ஆங்ஸ்ட்ராம் அகலத்தைத்தான் காட்டும். எல்லாரும் முதலில் ஓடுவது 6562.8-இல் இருக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டுக்கு. நானும் ஓடினேன். முதல் பார்வைக்கு நல்லது. நிறமாலையை வரைபடமாகப் போட்டால் கருங்கோடு குழியாக விழும்; இரட்டைக் குழி தெளிவாகத் தெரியும். ஆனால் பீட்டா ஆரிகே போன்ற வெள்ளை நட்சத்திரங்களில் ஹைட்ரஜன் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அகலமான இறக்கைகள் உண்டு. ஒன்றின் இறக்கையில் இன்னொன்றின் குழி உட்கார்ந்திருக்கும். இரண்டு குழிகளும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். அளந்தால் வேகம் குறைவாக வரும், எடையும் குறைவாக வரும்.

அதனால் அளவுக்கு 6347.11, 6371.37 ஆகிய இரண்டு சிலிக்கான் கோடுகளுக்குப் போங்கள். ஒல்லியான கோடுகள். இன்னொரு வசதி, அலைநீளத்துக்கு அளவுகோலாக நாம் வைக்கும் நியான் விளக்கின் 6334.43, 6382.99 கோடுகள் இவற்றைச் சரியாக இரண்டு பக்கமும் அணைத்து நிற்கின்றன. சற்றுத் தள்ளி 6304.79, 6402.25. இதைவிட நல்ல ஜன்னல் சிவப்பில் எனக்குத் தெரிந்து இல்லை. 6347 கோட்டின் நீலப் பக்கத்தில் மெல்லிய மக்னீசியம் கோடு ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் ஒரு குறை. அதனால் இரண்டு சிலிக்கான் கோடுகளையும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரவு வேலை

சூரியன் மறைந்ததும் கருவியை வெளியே வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் சும்மா இருக்கட்டும். இதில் நமக்கு ஒரு கொடுப்பினை: பாலைவன ஆய்வகங்களில் இரவில் வெப்பநிலை சரசரவென்று இறங்கி உலோகம் சுருங்கும், கோடுகள் நகரும். நமக்கு மாலையிலிருந்து விடிகாலை வரை இரண்டு மூன்று டிகிரிதான் மாறும். பனித்துளிதான் எதிரி. முன்கண்ணாடிக்கு ஹீட்டர் பட்டை கட்டுங்கள். கேமராவை மைனஸ் இருபதுக்குக் குளிர வைத்து வீரம் காட்டினால் சென்சார் ஜன்னலில் நீர் கோத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள், சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை வறுத்துப் போடுங்கள்.

அப்புறம் வரிசை இப்படி: நியான் விளக்குப் படம், நட்சத்திரம் ஐந்து நிமிடம், இன்னொரு ஐந்து, இன்னொரு ஐந்து, மறுபடி நியான். முதலிலும் கடைசியிலும் விளக்கு கட்டாயம். பிறகு கேமராவின் சொந்தக் குறைகளை நீக்க டார்க் (மூடி போட்டு), பயஸ் (மிகக் குறைந்த நேரத்தில்), ஃப்ளாட் (சமமான வெளிச்சத்தில்) படங்கள். மொத்தம் அரை மணி நேரம். இரண்டின் கோடுகளும் ஒன்றையொன்று கடக்கும் சமயத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்தின் வேகமும் ஒரு மணி நேரத்துக்குள் நொடிக்கு ஏழு கி.மீ. அளவில் மாறிவிடுவதால் இரண்டு மணி நேரப் படங்களை ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள்.

நேரத்தை எழுதுவதில்தான் மலேசியாக்காரர்கள் விழும் குழி இருக்கிறது. வானியலில் நேரத்தை ஜூலியன் நாளாக எழுதுவார்கள். அந்த எண் மாறுவது உலக நேரப்படி நண்பகலில், அதாவது நம் கடிகாரத்தில் இரவு எட்டு மணிக்கு. ஐரோப்பியருக்கு இரவு முழுக்க ஒரே எண். நமக்கு எட்டு மணிக்கு முன் எடுத்த படத்துக்கு ஒரு எண், பின் எடுத்த படத்துக்கு அடுத்த எண். இது போதாதென்று, விடிகாலை இரண்டு மணிக்கு எடுத்ததை “25-ஆம் தேதி இரவு” என்று நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் அதை 25-ஆம் தேதி இரண்டு மணி என்று கணினியில் போட்டால் ஒரு நாள் பிழை. நான்கு நாள் சுற்றில் அது கால் சுற்று! படம் எடுக்கும் கணினியின் கடிகாரத்தையே உலக நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். எட்டு மணி நேரம் கழிக்கும் வேலையே வேண்டாம். எழுத வேண்டியது படம் தொடங்கிய நேரத்தை அல்ல, படத்தின் நடு நேரத்தை.

அளவுகோல்

படத்தைச் சுத்தம் செய்வது (டார்க் கழிப்பது, ஃப்ளாட்டால் வகுப்பது, கோணலை நிமிர்த்துவது, பட்டையைக் கூட்டி ஒரே வரியாக்குவது) எல்லாவற்றையும் பியூலின் ஐசிஸ் அல்லது ஷெல்யாக்கின் டெமெட்ரா இலவசமாகச் செய்து கொடுக்கும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது அதற்கு அடுத்த படி: எந்த பிக்சல் எந்த அலைநீளம் என்று முடிவு செய்வது. வேகம் அளப்பது என்பதில் முக்கால்வாசி இந்த ஒரு படிதான்.

நியான் விளக்கு என்பது பெரிய விஷயமில்லை. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரில் எரிகிறதே அந்தச் சின்ன ஆரஞ்சு பல்பு, அதேதான். மின்கடையில் இண்டிகேட்டர் விளக்காகக் கிடைக்கும், தொடர்தடை சேர்த்து, மூடிய பெட்டியில் பொருத்தியதாக வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தை ஈரமான மாடியில் கையாள்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். விளக்குக் கோடுகள் விழுந்த பிக்சல்களையும் அவற்றின் அலைநீளங்களையும் மென்பொருளுக்குக் கொடுத்தால் வளைகோடு பொருத்தும். நான்கு கோடுகளுக்கு இரண்டாம் படிச் சமன்பாடு போதும். மிச்சப்பிழை (விளக்குக் கோடுகள் வளைகோட்டைவிட்டு விலகும் அளவு) 0.02 ஆங்ஸ்ட்ராமுக்குள், அதாவது நொடிக்கு ஒரு கி.மீ. பக்கம், இருக்க வேண்டும். அலைநீளப் பட்டியலை எடுக்கும்போது எல்லாம் காற்றில் அளந்த எண்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு வெற்றிட எண்ணும் நட்சத்திரத்துக்குக் காற்று எண்ணுமாகக் கலந்தால் நொடிக்கு 83 கி.மீ. பிழை வந்து நிற்கும்.

இனி வீணான அந்த சீசனுக்கு வருகிறேன். அப்போது நான் ஹைட்ரஜன் ஜன்னலில்தான் இருந்தேன். விளக்குப் படம் இரவின் தொடக்கத்தில் ஒன்றே ஒன்று; மிச்சப்பிழை அழகாக இருந்தது; வேகங்களும் நம்பும்படி இருந்தன. பீட்டா ஆரிகேயின் இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய சம எடை என்பதால், இரண்டு வேகங்களின் சராசரி எந்த இரவில் பார்த்தாலும் ஜோடி முழுதும் சேர்ந்து நகரும் பொது வேகமான நொடிக்கு மைனஸ் 17 கி.மீ.-ஐ ஒட்டியே, இரண்டு கி.மீ. முன்பின், இருக்க வேண்டும். என் நோட்டில் ஒரு இரவு மைனஸ் 16, மறு இரவு மைனஸ் 9, அதற்கடுத்து மைனஸ் 22. மூன்று மாதம் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இதே ஆட்டம்.

இரண்டு காரணங்கள். ஒன்று, தொலைநோக்கி சாய்வு மாற மாற ஸ்பெக்ட்ரோகிராப் தன் எடையாலேயே மயிரிழை வளைகிறது. ஒரு பிக்சல் வளைந்தால் ஐந்து கி.மீ. போயிற்று. இதை இரண்டாவது விளக்குப் படம் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டாவது காரணம் விளக்குக்கே தெரியாது: விளக்கின் ஒளி பிளவு முழுவதையும் சமமாக நிரப்புகிறது, நட்சத்திரமோ ஒரு புள்ளி. காற்று அமைதியாக இருக்கும் இரவில் அந்தப் புள்ளி பிளவின் அகலத்தைவிடச் சிறியதாகி, இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ ஒதுங்கி நிற்கும். அப்போது நட்சத்திரத்தின் கோடுகள் எல்லாமே சேர்ந்து நகரும், விளக்கின் கோடுகள் அசையாது.

இங்கேதான் பினாங்கின் ஈரம் கை கொடுக்கிறது. ஹைட்ரஜன் கோட்டைச் சுற்றி, 6543.9, 6572.1 என்று வரிசையாக ஊசிபோன்ற மெல்லிய கோடுகள் இருப்பதைப் பார்ப்பீர்கள். நான் அவற்றை இரைச்சல் என்று மழுங்கடித்துக்கொண்டிருந்தேன்! அவை நம் தலைக்கு மேலே உள்ள காற்றின் நீராவி விழுங்கிய கோடுகள். நட்சத்திர ஒளியின் மேலேயே பதிந்து, அதே பிளவில், அதே புள்ளி வழியே வருகின்றன. நட்சத்திரம் ஓரத்தில் நின்றால் இவையும் கூடவே நகரும். காற்று நம்மோடு இருப்பதால் இவற்றின் வேகம் பூஜ்யம். காற்றடித்தாலும் நொடிக்குச் சில பத்து மீட்டர்தான், நமக்குக் கணக்கில் வராது. வறண்ட மலையுச்சியில் இந்தக் கோடுகள் மங்கிக் கிடக்கும். நம் ஊரிலோ, கிட்டத்தட்ட எந்த இரவிலும் ஆழமாகக் கிடைக்கும். பழைய படங்களை எல்லாம் எடுத்து, நீராவிக் கோடுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று அளந்தேன். மைனஸ் 9 வந்த இரவில் அவை எட்டு கி.மீ. சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தன. அந்த எட்டைக் கழித்ததும் மைனஸ் 17.

சிலிக்கான் ஜன்னலில் நீராவிக்குப் பதில் ஆக்சிஜன். 6280 தொடங்கி 6300 தாண்டி ஜோடி ஜோடியாக வரும் கோடுகள். அவற்றைப் படத்தின் நீல ஓரத்தில் வருமாறு கிரேட்டிங்கைத் திருப்பிக்கொள்ளுங்கள். என் வழக்கம்: விளக்கைக் கொண்டு வளைகோட்டின் வடிவம், காற்றின் கோடுகளைக் கொண்டு பூஜ்யப்புள்ளி.

எல்லாம் சரியா என்று பார்க்க நிலவையோ பகல் வானத்தையோ ஒரு படம் எடுங்கள். அது சூரிய ஒளி. அன்றைய திருத்தங்களை (கீழே சொல்கிறேன்) போட்டால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ரோகிணியும் நல்ல சாட்சி. அதன் வேகம் பிளஸ் 54. உங்களுக்கு 60 வந்தால் இரட்டை நட்சத்திரத்தைத் தொடாதீர்கள், பிழையைத் தேடுங்கள்.

கோட்டின் நடுவைப் பிடிப்பது

முதலில் நிறமாலையின் மேல்விளிம்பை ஒன்று என்ற மட்டத்துக்குச் சமப்படுத்துங்கள். பிறகு இரண்டு குழிகளுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு காஸியன் (மணி வடிவ) வளைகோடுகளைப் பொருத்துங்கள். தனித்தனியாகப் பொருத்தக் கூடாது. ஒன்றின் சரிவு மற்றதைச் சாய்க்கும். கர்சரை வைத்துக் கண்ணால் அடிப்புள்ளியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆச்சரியமாக அதுவும் மோசமில்லை, ஆனால் மறுநாள் எடுத்தால் வேறு எண் வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜனவரிக் கடைசியில் ஒரு இரவு, 6347.11 கோடு இரண்டாகப் பிரிந்து 6349.18-லும் 6344.92-லும் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். முதலாவது 2.07 ஆங்ஸ்ட்ராம் சிவப்புப் பக்கம்: 2,99,792 × 2.07 ÷ 6347.11, அதாவது பிளஸ் 97.8. இரண்டாவது 2.19 நீலப் பக்கம்: மைனஸ் 103.4. இதே வேலையை 6371.37 கோட்டிலும் செய்யுங்கள். மூன்று தனிப்படங்களிலும் செய்யுங்கள். ஆறு விடைகள் கிடைக்கும். அவை எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் உங்கள் உண்மையான பிழை. மென்பொருள் கொடுக்கும் பிளஸ் மைனஸ் எண் எப்போதும் முகஸ்துதி.

கோடுகள் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட இரவுகளின் அளவைத் தூக்கிப்போடுங்கள். ஒரே குழியில் இரண்டு காஸியனைத் திணித்தால் மென்பொருள் ஏதாவது ஒரு விடையைச் சொல்லத்தான் செய்யும்.

நிறையக் கோடுகள் உள்ள நட்சத்திரங்களுக்குக் குறுக்கொப்பீடு என்ற முறை உண்டு: தெரிந்த ஒரு மாதிரி நிறமாலையை உங்கள் நிறமாலை மேல் நகர்த்தி நகர்த்தி, எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. அலைநீளத்தின் மடக்கையில்தான் நகர்த்த வேண்டும், அப்போதுதான் ஒரே வேகத்துக்கு எல்லாக் கோடும் ஒரே அளவு நகரும். இரட்டை நட்சத்திரங்களுக்கென்றே இரண்டு மாதிரிகளை ஒரே நேரத்தில் நகர்த்தும் முறையை 1994-இல் ஸுக்கரும் மஸேவும் கொடுத்தார்கள். 150 ஆங்ஸ்ட்ராம் ஜன்னலில் இரண்டே கோடு வைத்திருக்கும் நமக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

பூமியின் ஓட்டத்தைக் கழிப்பது

நாமும் சும்மா நிற்கவில்லை. பூமி சூரியனைச் சுற்றி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. ஓடுகிறது. தன்னைத்தானே சுற்றுவதில் நம் ஊருக்கு இன்னும் 0.46 கி.மீ. டிசம்பர் பிற்பகுதியில் பீட்டா ஆரிகே சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால் திருத்தம் பூஜ்யம். அதன் பிறகு நாம் அதைவிட்டு விலகிக்கொண்டே போகிறோம். ஜனவரிக் கடைசியில் திருத்தம் ஏறக்குறைய மைனஸ் 16, மார்ச்சில் மைனஸ் 28-ஐ நெருங்கும். பைத்தான் தெரிந்தால் ஆஸ்ட்ரோபை தொகுப்பு இதைக் கொடுக்கும். உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் போதும். மேலே போட்ட கணக்கில் 15.9 கழித்தால் பிளஸ் 81.9, மைனஸ் 119.3.

குறியில் குழப்பம் வந்தால் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: நாம் விலகும்போது நட்சத்திரம் இல்லாத அளவுக்கு விலகுவதாகத் தெரியும், அதனால் கழிக்க வேண்டும். மென்பொருள் ஏற்கெனவே திருத்திவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டு தடவை திருத்தியவர்களை நான் அறிவேன். கண்ணாடியில் ஒருவரைத் தினமும் பார்க்கிறேன்.

வரைபடம்

பத்து இரவு சேர்ந்ததும், கட்டங்களைக் கணக்கிடுவதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் முதல் நட்சத்திரத்தின் வேகத்தைக் கிடைமட்டத்திலும் இரண்டாவதை நெடுக்கிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். 1941-இல் வில்சன் சொன்ன எளிய உத்தி. புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அதன் சாய்வு எடைகளின் விகிதத்தைக் கொடுக்கும், ஜோடியின் பொது வேகமும் அதிலேயே வந்துவிடும். சுற்றுக்காலம்கூடத் தெரிய வேண்டியதில்லை. கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளி பெரும்பாலும் பூஜ்யப்புள்ளி தவறிய இரவாகத்தான் இருக்கும்.

எது முதல் நட்சத்திரம், எது இரண்டாவது? பீட்டா ஆரிகேயில் கோடுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒரு இரவில் பெயரை மாற்றி எழுதிவிட்டால் எல்லாம் தாறுமாறு. சிவப்புப் பக்கம் இருப்பதையே எப்போதும் முதலாவது என்று எழுதினால் இன்னும் மோசம்; சுற்றுக்காலம் பாதியாக, 1.98 நாளாகத் தெரியும். அடுத்தடுத்த இரவுகளைத் தொடர்ந்து பார்த்து, எது எங்கே போகிறது என்று கையோடு பின்தொடர்வதுதான் வழி.

அப்புறம், ஒரு தொடக்க நேரத்தைப் பிடித்து, கழித்து, 3.96005-ஆல் வகுத்து, பின்னப் பகுதியை மட்டும் எடுங்கள். அதுதான் கட்டம். வேகங்களை அதன்மேல் போட்டால் எதிரெதிராக ஏறி இறங்கும் இரண்டு சைன் அலைகள். எக்ஸெலின் சால்வரே பொருத்திவிடும். இந்த ஜோடிக்கு அலைகளின் வீச்சு 107.5, 111.5 என்ற அளவில் வர வேண்டும்.

எடைக்கு ஒரு சூத்திரம்: வீச்சுகளைக் கூட்டி மூன்றாம் படிக்கு உயர்த்தி, சுற்றுக்கால நாட்களால் பெருக்கி, அதை மறுபடி 0.0000001036-ஆல் பெருக்குங்கள். 219-இன் கனம் ஒரு கோடியே ஐந்து லட்சம், 3.96-ஆல் பெருக்கினால் நாலு கோடியே பதினாறு லட்சம், கடைசியில் 4.31. இரண்டும் சேர்ந்து குறைந்தபட்சம் 4.31 சூரிய எடை என்று அர்த்தம். குறைந்தபட்சம் என்பதற்குக் காரணம், பாதை நம்மைப் பார்த்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது நிறமாலையில் இல்லை. பீட்டா ஆரிகே நல்லவேளையாக ஒன்றையொன்று கொஞ்சம் மறைக்கும் ஜோடி. மறைப்பின் ஒளியளவிலிருந்து சாய்வு 77 டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்று தெரியும். அந்தக் கோணத்தின் சைனைக் கனப்படுத்தினால் 0.923. 4.31-ஐ அதால் வகுத்தால் 4.67.

பீட்டா ஆரிகேயில் சராசரி மைனஸ் 17-ஐ விட்டு அசையாமல் நிற்க ஆரம்பித்ததும் அடுத்து சித்திரை நட்சத்திரத்துக்குப் போகலாம். 1890-இல் பாட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்த ஜோடி, பினாங்கில் தலைக்கு மேலேயே வரும். ஆனால் கோடுகள் தட்டையாக அகன்றவை, துணை நட்சத்திரம் மங்கல், சுற்றுக்காலம் மறுபடியும் நான்கு நாளை ஒட்டி 4.01. அளக்க ஏற்ற ஹீலியம் கோடு 6678.15-இல் இருக்கிறது, நியான் விளக்கின் ஒரு கோடும் 6678.28-இல் அதே இடத்தில் விழும். விளக்கை அணைத்துவிட்டோமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள்.